அண்ணன் கயிறு

ஆஸ்பத்திரி நுழைவாயில் வளைவு அந்தப் பெண் குழந்தையை ஆண் என்றது.

வயது ஒன்றேகால். எடை ஒன்பது கிலோ. பெயர் ருத்விக். ஊர் சிவகிரி. குடல் நலம்: நீலம். அதாவது, எந்தக் குறையும் இல்லை.

தள்ளுவண்டியில் கிடந்ததோ பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத பெண் சிசு. பூப்போட்ட துண்டுக்குள் ஒரு பூனைக்குட்டி அளவுக்குத்தான் இருந்தது. சிஸ்டர் ஜான்சி திரையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாதிக் குழந்தையை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாயா என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநரைக் கேட்டார்.

டாக்டர் மெஹருன்னிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கியதில் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸை அனுப்பியதே அவள்தான். காலையில் அவளுடைய திரையில் ஒரு புள்ளி சிவந்தது. ‘கனிஷ்காவின் பெண் குழந்தை, சிவகிரி. குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இடம் மாறியுள்ளன. குடல் முறுக்கிக்கொள்ளலாம். உடனே கொண்டுவரவும்.’

கொண்டுவந்தாயிற்று. வாசல் தாண்டுவதற்குள் அது வேறொரு குழந்தையாகிவிட்டது.

அரண் கயிறு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்குள் இருப்பது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஒலியை வயிற்றுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிற அதே பழைய ஸ்கேன்தான். கையில் பிடிக்கிற கருவி சுருங்கிச் சுருங்கிக் குன்றிமணி அளவுக்கு வந்து, கறுப்புக் கயிற்றில் மணிகளாகக் கோத்துக்கொண்டது. முதலில் அதைப் பட்டையாகத்தான் செய்து பார்த்தார்கள். வேர்க்கிறது, அரிக்கிறது, கண்ணுக்கு நன்றாக இல்லை என்று தாய்மார்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கழற்றி வைத்தார்கள். அப்புறம்தான் யாரோ ஒரு புண்ணியவானுக்கு உதித்தது. இந்த ஊரில் குழந்தையின் இடுப்பிலிருந்து யாரும் கழற்றத் துணியாத பொருள் ஒன்று உண்டே. அரைஞாண். சிவகிரிப் பக்கம் அதை அண்ணாக்கயிறு என்பார்கள்.

தொப்புள் உதிர்ந்து ஆறியதும், பதினாறாம் நாள் சடங்கன்று சுகாதார நர்ஸ் வீட்டுக்கே வந்து கட்டிவிட்டுப் போவார். வாசல் வளைவு குழந்தையின் பெயரையும் வயதையும் படிப்பது அந்தக் கயிற்றிலிருந்துதான். குடல் குடலுக்குள் நுழைந்தாலும், அடைத்துக்கொண்டாலும், முறுக்கினாலும், குழந்தை வாய் திறந்து அழும் முன்பே கயிறு மாடியில் இருக்கும் அரண் மையத்துக்குச் சொல்லிவிடும்.

சொல்லவும் செய்தது. மெஹருக்கு அதில் சந்தேகமே கிடையாது. காலை மடக்கி மடக்கி அலறிய குழந்தைகளை வெறும் வாயு என்று திருப்பி அனுப்பி, மறுநாள் துவண்ட உடம்பாகத் திரும்ப வாங்கிக்கொண்ட காலத்தில் பயிற்சி பெற்றவள் அவள். கயிற்றோடு ஒரு விதியும் வந்தது. கயிறு உறுதி சொல்லாமல் கைக்குழந்தையின் வயிற்றைத் திறக்கக் கூடாது. சந்தேகத்தின் பேரில் கத்தி வைத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தைத்து அனுப்பப்பட்ட குழந்தைகளும் முன்பு இருந்ததால், அதுவும் நல்ல விதிதான்.

ஒன்று மட்டும் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. யாரும் இப்போது குழந்தையின் வயிற்றில் கை வைப்பதில்லை.

தள்ளுவண்டியோடு இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். சிவந்த கண்களோடு, துண்டின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றவள் தாய் கனிஷ்கா. பக்கத்தில் அவளுடைய மூத்த ஓரகத்தி சுபிக்‌ஷா. கணவன்மார் இருவரும் முட்டை லாரியோடு பாலக்காட்டுப் பக்கம் போயிருந்தார்கள். இது யாருடைய கயிறு என்று மெஹர் கேட்டதும் கனிஷ்கா தலையைக் குனிந்துகொண்டாள். மூத்தவள்தான் முன்னால் வந்தாள்.

“நாந்தானுங்க மாத்திக் கட்டுனேன். அவளை வையாதீங்க.”

நேற்றுதான் பதினாறாம் நாள். நர்ஸ் வந்தார், புதுக் கயிற்றைக் கட்டினார், கேசரி சாப்பிட்டார், போனார். அவர் தலை தெரு முனையில் மறைந்ததும் சுபிக்‌ஷா தன் மகன் ருத்விக்கின் இடுப்புக் கயிற்றைப் பாப்பாவுக்குக் கட்டிவிட்டாள். கனிஷ்காவுக்கு முதல் குழந்தை தங்கவில்லை. இதுவும் நாலைந்து நாளாகச் சரியாகப் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. பயந்துபோய் யாரைக் கேட்டாலும், கயிறு கட்டும் நாள் வரட்டும், கட்டினால் தெரிந்துவிடும் என்றே பதில் வந்தது.

“போன வருசம் எம்பட பையனுக்குக் கொடல் முறுக்கிட்டப்ப, மொதல்ல கத்துனது இந்த அண்ணாக்கயிறுதானுங்க. எமன் வாயில இருந்து இழுத்துட்டு வந்த கயிறு. புதுக் கயிறுக்கு என்னங்க தெரியும், அது இன்னும் ஒரு உசுரைக்கூடக் காப்பாத்தலையே? அதான் அண்ணன் கயிறைத் தங்கச்சிக்குக் கட்டுனேன். பையன் இடுப்பு வெறுமனே இருக்கக் கூடாதுன்னு இவளோட கயிறை அவனுக்குக் கட்டிட்டேன். புதுசைக் கட்டிப்போட்டுத்தான் பழசை அவுத்தேன். மொறை தப்பலைங்க.”

“கயிறுக்கு முன் அனுபவம் கேட்டிருக்காங்க டாக்டர்” என்றார் ஜான்சி, குரலைத் தாழ்த்தி.

கயிறு எப்படி ஏமாந்தது என்று மெஹர் ஒரு கணம் யோசித்தாள். அதில் புதிரே இல்லை. குழந்தை வளரும் என்று கயிற்றுக்குத் தெரியும்; வாராவாரம் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஒரு குழந்தை ஒரே நாளில் சிறுத்துப்போகும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த ஊரில் குழந்தை சிறுக்கிறது?

அறுவைப் பிரிவிலிருந்து டாக்டர் நல்லசிவம் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற ஐந்து மாதமே இருந்த மனிதர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

“ருத்விக் வயித்தை நான்தானே மெஹர் திறந்தேன். பிறவியிலேயே அவன் குடல் திரும்பி உக்காந்திருந்துச்சு. முறுக்கைப் பிரிச்சுச் சரி பண்ணியாச்சு, ஆனா ரத்தக் குழாய் ரெண்டும் இடம் மாறினது மாறினதுதான். அதனால இனி கெடுதல் ஒண்ணும் இல்ல. தினமும் அலறக் கூடாதேன்னு, ‘இவனுக்கு இது சகஜம், கண்டுக்காதே’ன்னு நானே அவன் கயிறுகிட்டச் சொல்லி வெச்சேன். இப்பப் புதுக் கயிறு அவன் வயித்தைப் பாத்துட்டுப் பதறியிருக்கு, பாவம். பேரு மட்டும் பாப்பாவோடது. பொய் அலாரம். வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

சட்டைப் பொத்தான் அதன் துளையில் விழுந்த மாதிரி எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஜான்சி வெளியனுப்பும் சீட்டை எடுத்தார். சுபிக்‌ஷா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மெஹருக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. மாடிக்குப் போக மின்தூக்கியின் பொத்தானைக்கூட அழுத்திவிட்டாள்.

“அப்ப இது எதனாலைங்க?”

கனிஷ்கா அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். துண்டின் ஒரு முனையை விரித்துக் காட்டினாள். கீரை அலசிய தண்ணீர் பட்டுக் காய்ந்ததுபோல ஒரு கறை.

“காத்தால கக்குச்சுங்க. பாலைக் கக்குனா வெள்ளையாத்தானுங்களே இருக்கோணும்? வண்டியில வந்தவர்கிட்டயும் காட்டுனேன். கயிறு நீலம்னு சொல்லுது, பயப்படாதீங்கன்னுட்டாரு.”

மின்தூக்கியின் கதவு திறந்து, சற்றே காத்திருந்து, ஆளில்லாமல் மூடிக்கொண்டது.

பிறந்த குழந்தை பச்சையாகக் கக்கினால், வேறு ஒன்று நிரூபணமாகும் வரை அது குடல் முறுக்கு. பயிற்சி நாட்களில் கனவிலும் ஒப்பித்த வாக்கியம் அது. கக்கல் என்ன நிறம் என்று ஒரு தாயிடம் மெஹர் கடைசியாகக் கேட்டு எத்தனை காலமாயிற்று? கயிறு இருக்கும்போது தாயை எதற்குக் கேட்பது?

“சார், ருத்விக் கயிறுகிட்ட நீங்க என்ன சொல்லி வெச்சீங்க?”

“இப்பத்தானே சொன்னேன். குழாய் இடம் மாறியிருந்தா கண்டுக்காதேன்னு.”

“அந்தக் கயிறு இப்ப இவ இடுப்புல இருக்கு.”

நல்லசிவம் கனிஷ்காவின் கையிலிருந்து துண்டை வாங்கி, கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அண்ணனும் தம்பியும் பெற்ற பிள்ளைகள். ஒரே ரத்தம். அண்ணனுக்கு இருந்த கோளாறு தங்கைக்கு இருக்காது என்று யார் சொன்னது?

புதுக் கயிறு ஒன்றைக் கட்டினால், அது புதிய வயிற்றைப் பழகி வாய் திறக்க ஆறு மணி நேரம் ஆகும். முறுக்கிய குடல் ரத்தமில்லாமல் அவ்வளவு நேரம் தாங்காது. அதற்குள் கறுத்துவிடும். அப்புறம் திறந்தும் பயனில்லை. உறுதியில்லாமல் திறந்தால் விதிமீறல். அந்த இரண்டுக்கும் நடுவில் துண்டில் சுருட்டிக் கிடந்தது ஒரு பெயர் வைக்காத பெண்.

“கையால பாத்துடறேன்” என்றாள் மெஹர்.

கையால் பிடித்துப் பார்க்கும் ஸ்கேன் கருவிகள் இப்போது மாட்டு ஆஸ்பத்திரிகளில்தான் இருந்தன. இந்தக் கட்டடத்தில் மிச்சமிருந்த ஒன்று துணி அறையில், தலைமேல் தண்ணீர்க் கேனைச் சுமந்துகொண்டு நின்றது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும் தவறாமல் கிடைத்தன. ஜான்சி கேனை இறக்கி, பொட்டைத் துடைத்து, உருட்டிக்கொண்டு வந்தார். முனகியபடி அதற்கு உயிர் வந்தது.

மெஹர் பசையை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினாள். குளிர்ந்த பசை பட்டால் குழந்தை வயிற்றை இறுக்கிக்கொள்ளும். மூளைக்கு மறந்தது கைக்கு ஞாபகம் இருந்தது. தாயை அழைத்துக் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். குழந்தை அழவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாத ஒரு அமைதி.

முதலில் திரையில் ஒன்றுமே புரியவில்லை. சாம்பல் நிறத்தில் புழுதிப் புயல். குடலுக்குள் இருந்த காற்று, ஒலியை நுழையவிடாமல் திருப்பி அடித்தது. நல்லசிவம் பின்னால் நின்று மூச்சு விடுவது கேட்டது. கயிறு எவ்வளவு சுத்தமான படம் தரும், இதென்ன சேற்றுக்குள் மீன் பிடிக்கிற வேலை என்று அவர் நினைப்பதாக அவளுக்குத் தோன்றியது. கை மறந்துவிட்டதோ? அல்லது, பார்க்க ஆசைப்படுவதைத்தான் பார்க்கப் போகிறோமோ? அப்படிப் பார்த்துவிட்டால் ஒரு நல்ல வயிற்றை அவர் திறப்பார். அந்தக் காலத்தில் வீணாகத் திறந்த வயிறுகளோடு இன்னும் ஒன்று.

கருவியை லேசாக அழுத்தி, மாவைத் தள்ளுவதுபோலக் காற்றை ஓரமாகத் தள்ளினாள். காத்திருந்தாள். மறுபடி தள்ளினாள்.

புழுதி விலகியது. முதுகெலும்பு, அதன்மேல் பெரிய தமனி, அதிலிருந்து கிளம்பி வரும் குடலின் தமனி. அதற்கு வலப்பக்கம் சிரை இருக்க வேண்டும். இல்லை. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் விசையைத் தட்டினாள். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றி ஒரு நீலக் கோடு. கருவியை மெல்லக் கீழே இறக்க இறக்க, அந்த நீலம் சிவப்பைச் சுற்றி வந்தது. மறுபடி சுற்றியது. கயிறு திரிப்பவன் கையில் இரண்டு புரி ஒன்றை ஒன்று சுற்றுவதுபோல, நின்று, நிதானமாக.

மெஹர் கண்ணை மூடித் திறந்து, முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

“சுத்தியிருக்கு சார்.”

“இடம் மட்டும் மாறியிருக்கா, சுத்தியிருக்கா? எனக்கு ரெண்டும் வேற வேற.”

“ரெண்டு தடவை பாத்தேன். சுத்தியிருக்கு. உங்க கையைக் குடுங்க, நீங்களே இறக்கிப் பாருங்க.”

அவர் கருவியை வாங்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாகக் கயிறு சொல்லித்தான் கத்தியை எடுத்திருக்கிறேன், ஒரு மனுஷி சொல்லி எடுப்பது எப்படி என்று மறந்துவிட்டது என்றார். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜான்சியிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

அறுவை அறை வாசலில் ஒரு சிக்கல். கயிற்றை வெட்டியாக வேண்டும். கனிஷ்கா குழந்தையின் இடுப்பைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“வெறும் இடுப்போட உள்ள உட மாட்டேனுங் டாக்டரம்மா. மொதல்ல ஒண்ணு போனப்ப அது இடுப்புல ஒண்ணுமே இல்லைங்க.”

நின்று விளக்க நேரமில்லை. பிடுங்கிக்கொண்டு போகவும் மெஹருக்குக் கை வரவில்லை. கட்டுத்துணியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, தொடையில் வைத்து உருட்டித் திரித்தாள். இடுப்பு வேண்டாம், மருந்து தடவ வேண்டும், கணுக்காலில் கட்டலாமா என்று கேட்டாள். கனிஷ்கா ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். சுபிக்‌ஷா அவசரமாகத் தலையாட்டினாள். வெள்ளைத் திரி காலில் ஏறியது. அதற்குப் பிறகே அண்ணன் கயிறு இடுப்பிலிருந்து இறங்கியது.

வெளியே பெஞ்சில் இரண்டு பெண்களுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. மெஹர் எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள். சுபிக்‌ஷா யாரையும் பார்க்காமல் விரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கனிஷ்கா அவள் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, ருத்விக்குச் சோறு ஊட்டுனாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க. மாமனாரு மறந்துபோயிருவாரு.”

சுபிக்‌ஷா அந்தக் காலி இடத்தைத் தாண்டி நகர்ந்து வந்து, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நல்லசிவம் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி வெளியே வந்தார். குடல் இரண்டரைச் சுற்று முறுக்கியிருந்தது. பிரித்தபோது கத்தரிக்காய் நிறம். வெந்நீர்த் துணியால் மூடிவிட்டு, எல்லாரும் கைகட்டி நின்றோம், மெல்ல மெல்ல ரோஜா நிறம் திரும்பியது, ஒரு அங்குலம்கூட வெட்டவில்லை என்றார். பெண்களிடம், பாப்பா பிழைத்துக்கொண்டாள், சீக்கிரம் பேர் வையுங்கள், எழுத ஒரு பேர் இல்லாமல் கஷ்டப்படுகிறோம் என்று சொன்னார்.

மாலைத் தேநீரோடு அவர் மாடிக்கு வந்தபோது மெஹர் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதில் அரண் எழுதியிருந்தது: ‘எச்சரிக்கை சரியானது. குடல் முறுக்கு உறுதி. அறுவை வெற்றி. இந்தப் பாடம் கற்றுக்கொள்ளப்பட்டது.’

“விட்டுடும்மா” என்றார் நல்லசிவம். “கயிறு கூப்பிட்டுச்சு, நாம போனோம், புள்ளை பொழைச்சுது. எல்லாம் நேரா இருக்கு.”

“கூப்பிட்டது ருத்விக் வயிறு சார். அவன் வீட்டுல சோறு தின்னுட்டு விளையாடிட்டிருக்கான். ஆறிப்போன வயித்தைப் பாத்து இதுதான் முறுக்குன்னு அரண் இன்னைக்குக் கத்துக்கிச்சு. நெஜமா முறுக்கின வயித்தைப் பாத்து நல்லா இருக்குன்னு கத்துக்கிச்சு. ரெண்டு தப்பும் ஒரே நாள்ல ஒரே வீட்டுல நடந்ததால சரி மாதிரித் தெரியுது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் அலாரம் என்று திருத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியும் என்றார். உறுதியில்லாமல் ஒரு சிசுவின் வயிற்றைத் திறந்தவர்கள் என்று இருவர் மேலும் விசாரணை வரும். அவருக்காவது ஐந்து மாதம்தான் மிச்சம். அவளுக்கு இன்னும் பாதி வாழ்க்கை இருக்கிறது.

மெஹர் வெட்டிய கயிற்றை மேசைமேல் வைத்திருந்தாள். விரலால் அதன் மணிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

“சார், கண்டுக்காதேன்னு நீங்க சொல்லி வெச்சது ருத்விக் கயிறுக்கு மட்டும்தானா?”

“அதெப்படி? குடல் சரியாகி வீட்டுக்குப் போற எல்லாப் புள்ளைக்கும் சொல்லித்தான் ஆகணும். எல்லா ஊர்லயும் அதான் வழக்கம்.”

“பொழைச்ச புள்ளையோட கயிறுதானே சார் ராசியான கயிறு?”

தேநீர்க் குவளை அவர் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது.

அந்தக் கேள்வியை அரணிடம் கேட்க வேண்டுமானால், எதற்காகக் கேட்கிறாய் என்று அது கேட்கும். மெஹர் தட்டினாள்: ‘இன்றைய எச்சரிக்கை தவறு. கயிறுகள் மாறியிருந்தன. கயிற்றின் உறுதி இல்லாமல், கையால் பார்த்து, அறுவை செய்யப்பட்டது.’ கீழே தன் பெயரை எழுதினாள்.

“என் பேரையும் போடு. வயித்தைத் திறந்தது நான்” என்றார் நல்லசிவம்.

போட்டாள். பிறகு கேள்வியைக் கேட்டாள். கண்டுகொள்ளாதே என்று சொல்லப்பட்ட கயிறுகளில், எந்தெந்தக் குழந்தைகள் திடீரென்று சிறுத்துப்போயிருக்கின்றன?

ஊர்கள் வர ஆரம்பித்தன. செய்யாறு. ஒட்டன்சத்திரம். கோவில்பட்டி. திருத்துறைப்பூண்டி. திரை நிரம்பி, மேலே நகர்ந்து, மறுபடி நிரம்பியது. நகர்ந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் நேராக நீலப் புள்ளி. எல்லாமே ஒரு குழந்தையைச் சாவிலிருந்து மீட்டு, அதனாலேயே தம்பிக்கும் தங்கைக்கும் போய்ச் சேர்ந்த கயிறுகள்.

நல்லசிவம் குவளையை வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டாவது தொலைபேசியை எடுத்தார். நீ மேலிருந்து வா, நான் கீழிருந்து வருகிறேன் என்றார்.

மெஹர் முதல் எண்ணை அழைத்தாள். செய்யாறு பக்கம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். பதறாத குரலில், அரண் மையத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, குழந்தை இடுப்பில் இருக்கிற கயிறு யாருடையது என்று கேட்டாள்.

“அதுவா மேடம்?” மறுமுனையில் குரல் பெருமையில் நிமிர்ந்தது. “எங்க பெரியவனைக் காப்பாத்துன கயிறு மேடம். அதான் இவனுக்கும் கட்டிவுட்டுருக்கோம்.”

“நல்லதும்மா. தம்பி என்ன பண்றான்?”

“தூங்கிக்கினே இருக்கான் மேடம். காலையிலேர்ந்து அழவே இல்ல.”

மெஹர் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

“அவன் கக்கின துணி ஏதாவது இன்னும் துவைக்காம இருக்காம்மா? எடுத்துப் பாத்து, என்ன நிறத்துல இருக்குன்னு சொல்லுங்க. அவசரமே இல்ல. நான் லைன்லயே இருக்கேன்.”